தாத்தா காலத்து பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக்... மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஷிஃப்ட் மாறுற நேரத்துல வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல போயிருக்கீங்களா? ஒரு பக்கம் கம்பெனி பஸ், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி, நடுவுல புகுந்து போற பைக். முன்னாடி போற புது கார்ல ஏ.பி.எஸ் இருக்கும். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்களுக்கு அது கட்டாயம். அது சட்டுனு நிக்கும். பின்னாடி 1965 மாடல் மஹிந்திரா எஃப்.சி.150 பிக்கப்புல நீங்க வர்றீங்க. நீங்களும் சட்டுனு நிக்க முடியுமா?

பழைய பிக்கப்பை வாங்கி, பெயின்ட் அடிச்சு, மர பாடி கட்டி, ரீல்ஸ் போடுறது இப்போ பல பேருக்கு ஆசை. அந்த லிஸ்ட்ல பிரேக் கடைசியாத்தான் வரும். வந்தாலும், “முன்னாடி டிஸ்க் மாட்டிட்டா போதும்” என்பதோடு முடிந்துவிடும். ஆனால், முதல் செலவு டிஸ்க்குக்கு இல்லை.

ஒரே குழாய், ஒரே உயிர்

அந்தக் கால வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியாகப் போய், ஷூவை விரித்து டிரம்மில் உரச வைக்கும். சிக்கல் என்னன்னா, நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். எங்கேயாவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால், பெடல் நேரா தரைக்குப் போய்விடும். நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது.

அமெரிக்காவில் 1968-லேயே புது கார்களுக்கு இரட்டை லைன் பிரேக்கைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு லைன் போனாலும் இன்னொன்று வண்டியை நிறுத்தும். அதனால் உங்கள் பிக்கப்புக்கும் முதல் அப்கிரேடு, ‘டேன்டம்’ எனப்படும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர்தான். இதில் சைஸ் முக்கியம். சிலிண்டரின் விட்டம் பெரிதானால் பெடல் கல்லு மாதிரி இருக்கும். சிறிதானால் லேசாக இருக்கும், ஆனால் ரொம்ப ஆழம் மிதிக்கணும். புதுப்பேட்டையில் கையில் கிடைத்ததை மாட்டக் கூடாது என்பது இதனால்தான்.

முதல்ல இருக்கிறதைச் சரி பண்ணுங்க

எதையும் மாற்றும் முன், இருக்கிற டிரம்மைத் திறந்து பாருங்கள். ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், லைனிங் மூன்றையும் புதுசாக்கி, டிரம்மைக் கடைசல் பிடித்து, ஒழுங்காக ஏர் எடுத்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். கடைசல் பிடிக்கவும் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டித் தேய்ந்த டிரம் விரிசல் விடலாம்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரஸர் காற்றில் ஊதாதீங்க, நனைத்துத் துடைங்க. அந்தத் தூசி நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

பிரேக் ஆயிலும் முக்கியம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது ‘டாட் 3’ ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது.

டிஸ்க் எதுக்கு, எங்கே?

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்காகும். அவ்வளவும் சூடாக மாறும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பிடி குறையும். டிஸ்க் திறந்த வெளியில் இருப்பதால் சீக்கிரம் ஆறும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், டிஸ்க்கை முன் சக்கரத்துக்கு மாட்டினாலே போதும். பின்னாடி டிரம்மே இருக்கலாம்.

ஆனால் ஒரு விஷயம். டிரம்மில் சுற்றுகிற வேகமே ஷூவை இழுத்து அழுத்தி உதவும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதனால் பூஸ்டர் வேண்டும். பூஸ்டருக்கு வேக்குவம் வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் அது தானாகக் கிடைக்கும், டீசலில் கிடைக்காது. நம்ம ஊர்ப் பழைய ஜீப்கள் பலவற்றில் டீசல் இன்ஜின் மாற்றியிருப்பார்கள். அப்படியானால் வேக்குவம் பம்ப்போடு வரும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து வேண்டும். இதை மறந்துட்டு டிஸ்க் மட்டும் மாட்டினால், முன்னாடி இருந்ததைவிட மோசமான பிரேக்தான் கிடைக்கும்.

காலி வண்டிதான் ஆபத்து

பிக்கப்பின் தனிப் பிரச்னை இது. லோடு இருக்கும்போது பின்சக்கரம் ரோட்டைப் பிடித்திருக்கும். காலியாக இருந்தால் பின்பக்கம் பஞ்சு. அப்போது வேகமாக மிதித்தால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி, வால் பக்கம் சுழலும். மழைக்கால ரோட்டில் சொல்லவே வேண்டாம். இதற்காகத்தான் பல பிக்கப்களில், லோடைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்து, கூட்டித் தரும் வால்வு வைக்கிறார்கள். டிஸ்க் மாற்றும்போது இந்த சமநிலையையும் செட் செய்யச் சொல்லுங்கள்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்லும்?

ஆர்.சி. புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2021-ல் வந்த ‘வின்டேஜ்’ விதி இன்னும் கறார். வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ‘வி.ஏ.’ நம்பர் வாங்கினால் தினசரி ஓட்டத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்த முடியாது. அதனால் ஷோவுக்கா, ஓட்டுறதுக்கா என்று முதலில் முடிவெடுங்கள். மாற்றும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள். ஸ்டப் ஆக்ஸிலை வெட்டாமல், போல்ட்டில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி வேலை செய்தால், பின்னாடி அசலுக்குத் திரும்பலாம். பழைய பாகங்களை எடைக்குப் போட்டுடாதீங்க.

கடைசி டெஸ்ட்

இந்தியாவின் பெரிய பிரேக் கம்பெனிகளில் ஒன்றான பிரேக்ஸ் இந்தியா 1962-ல் சென்னைப் பாடியில் தொடங்கியது. வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் ‘குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர்’ ஒரகடத்திலேயே இருக்கிறது. புது மாடல் வண்டிகள் இத்தனை சோதனை தாண்டித்தான் ரோட்டுக்கு வருகின்றன. உங்கள் பிக்கப்பைச் சோதிக்க நீங்களும் மெக்கானிக்கும்தான்.

அதனால் காலி மைதானத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பியுங்கள். பெடல் இறங்குதா, வண்டி ஒரு பக்கம் இழுக்குதா, எது முதலில் லாக் ஆகுது, எங்கேயாவது ஒழுகுதா... பாருங்கள். பிறகு 30, பிறகு 40. காலியாக ஒரு தடவை, லோடோடு ஒரு தடவை.

அதுக்கப்புறம் ரீல்ஸ் போடலாம். லைக் தானா வரும்!