விளம்பர வலையும் நம் வீட்டுச் செல்வங்களும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ரமளானின் இறுதிப் பத்து. தராவீஹ் தொழுதுவிட்டுத் தந்தை வீடு திரும்புகிறார். ஒன்பது வயது மகன் கைபேசியை நீட்டி, "அத்தா, பெருநாளைக்கு எனக்கு இந்த ஷூதான் வேண்டும். இல்லையென்றால் நான் தொழுகைக்கு வரமாட்டேன்" என்கிறான். தந்தை விலையைப் பார்க்கிறார். வீட்டிலுள்ள ஐந்து பேருக்கும் பெருநாள் உடை எடுக்க அவர் ஒதுக்கி வைத்திருக்கும் தொகையில் அது பாதி. சிலர் இந்த இடத்தில் பிள்ளையை அதட்டி அழவைக்கிறார்கள். சிலர் கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. பெருநாள் தொழுகையை ஒரு தட்டிலும் ஷூவை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்க அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

நாம் கற்றுக்கொடுக்கவில்லை. மதரஸா உஸ்தாதும் கற்றுக்கொடுக்கவில்லை. நம் பிள்ளையை ஒருமுறைகூடக் கண்ணால் பாராத வியாபாரிகள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் உணவு ஹலாலா என்று விசாரிக்கும் நாம், அவன் கண்வழியே உள்ளத்திற்குள் போவது என்ன என்று விசாரிக்க மறந்துவிட்டோம்.

உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்று அல்லாஹ் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறான் (66:6). ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. பிள்ளையின் ஆசைகளைச் செதுக்கும் வேலையை அந்நியரிடம் விட்டுவிட்டவர், அந்த விசாரணை நாளில் என்ன பதில் சொல்வார்?

தெருவில் இருந்த கடை கைக்குள் வந்தது

முன்பு கடை கடைத்தெருவில் இருந்தது. பிள்ளை பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போயிற்று. அதே கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிற்று. இன்று கடை கைபேசிக்குள் இருக்கிறது. அதற்குப் பூட்டும் இல்லை, வார விடுமுறையும் இல்லை.

பிள்ளைகள் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை இலவசம் என்று நினைக்கிறோம். அவற்றின் விலை பிள்ளையின் கவனம். அவன் எதைப் பார்த்தான், எவ்வளவு நேரம் பார்த்தான், எதைத் தேடினான் என்பன குறித்துக்கொள்ளப்படுகின்றன. அந்தக் குறிப்புகளைக் கொண்டு, இன்னாருக்கு இந்த விளம்பரம் என்று ஒரு நொடிக்குள் ஏலம் நடந்து, விளம்பரம் திரைக்கு வருகிறது. ஒரு காணொளி முடியும் முன்பே அடுத்தது வரிசையில் நிற்கிறது.

இது வீண் பயம் அல்ல. பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி விளம்பரத்திற்குப் பயன்படுத்தியதாக எழுந்த வழக்கில், கூகுளும் அதன் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த 2019 செப்டம்பரில் ஒப்புக்கொண்டன. ஃபோர்ட்நைட் என்னும் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மீதும் 2022 டிசம்பரில் நடவடிக்கை வந்தது. குழப்பமான பொத்தான்களை அமைத்து, வேண்டாத பொருள்களை வாங்க வைத்தது என்பது குற்றச்சாட்டு. அதற்காக மட்டும் 24.5 கோடி டாலரைப் பயனாளர்களுக்குத் திருப்பித் தர அந்நிறுவனம் இணங்கியது. இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை. ஆனால் அதே யூடியூபும் அதே வகை விளையாட்டுகளும்தாம் நம் வீட்டுக் கைபேசிகளிலும் இருக்கின்றன.

விளம்பரம் என்று தெரியாத விளம்பரம் இன்னும் ஆபத்தானது. ஒரு சிறுவன் பொம்மைப் பெட்டியைப் பிரித்து மகிழ்கிறான். நம் பிள்ளை அதைப் பார்க்கிறது. பெட்டியை அனுப்பியவர் யார், பணம் கொடுத்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. எட்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளால், விளம்பரம் தங்களை வாங்கத் தூண்டும் நோக்கம் கொண்டது என்பதை விளங்கிக்கொள்ள இயலாது என்று அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004-ல் கூறியது. அந்த வயதினரைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தவும் அது பரிந்துரைத்தது. இந்த விளக்கம் இயல்பிலேயே இல்லாத பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு, ஏன் இப்படி அடம்பிடிக்கிறாய் என்று கேட்பது நியாயமா?

நபிகளார் காட்டிய சந்தை ஒழுக்கம்

வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கியுள்ளான். தன் பொருளின் குணத்தை உண்மையாக எடுத்துச் சொல்வதில் தவறில்லை. நபி (ஸல்) அவர்களே வணிகம் செய்தவர்கள். ஆனால் சந்தைக்கு அவர்கள் வகுத்த வரம்புகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், திரையில் வருவதை எடைபோடும் பார்வை அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவன் என்னைச் சார்ந்தவன் அல்லன் என்ற கருத்தைக் கடுமையாகக் கூறினார்கள். முஸ்லிமில் பதிவான செய்தி இது. விளம்பரம் என்பது பெரும்பாலும் காய்ந்த தானியத்தை மட்டும் மேலே பரப்பிக் காட்டுவது. அடியில் கைவிட்டுப் பார்க்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அடுத்தது நஜ்ஷ். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் விலையை ஏற்றிக் கேட்டு, வாங்க வந்தவரை ஆசைகாட்டி இழுப்பது நஜ்ஷ் எனப்படும். இதை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). காசு வாங்கிக்கொண்டு பொருளை வானளாவப் புகழ்கிறவர், பொருளைப் பயன்படுத்தாமலேயே ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டு எழுதுகிறவர் ஆகியோரின் செயலில் இதே வஞ்சகம் இல்லையா? கூலி பெறுவதை வெளிப்படையாகச் சொல்லி, உண்மையை மட்டுமே பேசுகிறவரை இதில் சேர்க்க முடியாது. வேறுபாட்டைப் பிள்ளைக்கு விளக்குங்கள்.

மூன்றாவது, வாக்குறுதி. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரழி) சிறுவராக இருந்தபோது, அவருடைய தாயார் ஒன்று தருகிறேன் வா என்று அவரை அழைத்தார். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நாடினாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். நீ ஒன்றும் கொடுக்காதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள் (அபூதாவூத்). பெற்ற தாய் தன் குழந்தையிடம் சொல்லும் சிறு வார்த்தைக்கே இத்தனை கணக்கு! இந்த ஷூவைப் போட்டால் நண்பர்கள் மதிப்பார்கள், இந்தப் பானத்தைக் குடித்தால் வீடெல்லாம் சிரிப்பு என்று விளம்பரம் சொல்கிறதே, அந்த மதிப்பும் சிரிப்பும் பெட்டிக்குள் இருக்கின்றனவா?

இந்தச் செய்தி நம்மையும் விடவில்லை. அழுகையை நிறுத்த, நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி மறந்துவிடும் பெற்றோர், பொய் வாக்குறுதிக்குப் பிள்ளையைப் பழக்குகிறார்கள்.

மறுப்பும் தர்பிய்யத்தே

பிள்ளையிடம் 'இல்லை' என்று சொன்னால் அதன் மனம் உடைந்துவிடும் என அஞ்சுவோர் உண்டு. நபிகளாரின் வீட்டைப் பாருங்கள். பேரர் ஹஸன் (ரழி) குழந்தையாக இருந்தபோது ஸதகாவாக வந்த பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் துப்பச் செய்து, நாம் ஸதகாப் பொருளை உண்பதில்லை என்பது தெரியாதா என்று கேட்டார்கள் (புகாரீ, முஸ்லிம்). தடுத்தார்கள்; தடுத்ததற்கான காரணத்தையும் அந்தச் சிறு வயதிலேயே சொன்னார்கள்.

அருமை மகள் ஃபாத்திமா (ரழி) திரிகை சுற்றிச் சுற்றிக் கை வருந்திய நிலையில், தமக்கு ஒரு பணியாள் வேண்டும் என்று கேட்கத் தந்தையின் இல்லம் சென்றார்கள். அப்போது நபியவர்கள் இல்லை. செய்தியறிந்ததும் அன்றிரவே மகளின் வீட்டிற்கு வந்தார்கள். மகளுக்கும் மருமகனுக்கும் இடையில் அமர்ந்து, நீங்கள் கேட்டதைவிடச் சிறந்த ஒன்றைச் சொல்லட்டுமா என்று கேட்டு, படுக்கைக்குச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதக் கற்றுக்கொடுத்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் தந்தை தேடி வந்தார், பக்கத்தில் அமர்ந்தார், மேலான ஒன்றைக் கொடுத்தார். நாம் மறுக்கும்போது இந்த மூன்றில் எதையாவது செய்கிறோமா? கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் வேண்டாம், போ" என்கிறோம். பிள்ளை தனக்கு மதிப்பில்லை என்று எண்ணி, மதிப்புத் தருவதாகச் சொல்லும் பொருளையே மீண்டும் தேடிப் போகிறது.

நல்ல ஷூவை விரும்புவது பாவம் அல்ல. தம் ஆடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டுமென ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று வினவப்பட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று விளக்கிய நபி (ஸல்) அவர்கள், சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றார்கள் (முஸ்லிம்). ஆகவே பிள்ளையிடம், ஷூ கெட்டது என்று சொல்லாதீர்கள். அது இல்லாத நண்பனைத் தாழ்வாகப் பார்ப்பதும், அது இல்லாததால் தன்னையே தாழ்வாக எண்ணுவதும்தான் கெட்டது என்று சொல்லுங்கள்.

முதலில் நம் பார்வை

பிள்ளை அதிகம் பார்க்கும் விளம்பரம் பெற்றோரே. பக்கத்து வீட்டுத் திருமணத்தில் யார் எத்தனை சவரன் போட்டார்கள் என்று தாய் கணக்கிடுகிறாள். நன்றாக ஓடும் கைபேசி இருக்க, தவணையில் புதியதை வாங்குகிறார் தந்தை. அதன்பின் பிள்ளைக்குச் செய்யும் உபதேசம் காதில் ஏறாது.

மண்ணறையைச் சந்திக்கும்வரை மனிதர்களைத் திசைதிருப்பும் செல்வப் போட்டியைப் பற்றி 102ஆம் அத்தியாயம் பேசுகிறது. பிறருக்கு வழங்கப்பட்ட உலக அலங்காரத்தின்பால் கண்களை நீட்ட வேண்டாம் என 20:131 அறிவுறுத்துகிறது. வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறது 17:27. அதே சமயம், கஞ்சத்தனமும் இன்றி விரயமும் இன்றி நடுநிலையாகச் செலவிடுவதை ரஹ்மானின் அடியார்களின் பண்பாகக் கூறுகிறது 25:67. பொருள் மிகுதியால் வருவது செல்வம் அன்று, உள்ளத்தின் நிறைவே செல்வம் என்பது நபிமொழி (புகாரீ, முஸ்லிம்). கனாஅத் எனும் அந்தப் போதுமென்ற மனத்தைப் பிள்ளை நம்மைப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. சிறு பிள்ளைகளிடம் கைபேசியைத் தனியே ஒப்படைக்காதீர்கள். கூடத்தில், நம் கண்முன் பார்க்கட்டும். வங்கி அட்டை விவரங்களைக் கைபேசியில் சேமித்து வைக்காதீர்கள். பணம் செலுத்தும் இரகசிய எண்ணைப் பிள்ளைகள் அறிய வேண்டாம்.

2. சில விளம்பரங்களைப் பிள்ளையோடு அமர்ந்து பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்குக் காசு கொடுத்தவர் யார்? ஈரத் தானியத்தை எங்கே மறைத்திருக்கிறார்கள்? இது இல்லாமல் நேற்று நமக்கு என்ன குறை இருந்தது?

3. ஆசைப்பட்ட பொருளை ஒரு நோட்டில் எழுதி ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பல ஆசைகள் தாமே அடங்கிவிடும். "இன்னும் இரண்டே உள்ளன", "இன்றே கடைசி" என்பன பல நேரங்களில் செயற்கையான அவசரங்கள். இத்தகைய 13 வகைத் தந்திரங்களை இந்திய அரசு 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது.

4. பெருநாள் செலவுக் கணக்கைப் பிள்ளைகளோடு அமர்ந்து போடுங்கள். வருமானம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்பது தெரிந்த பிள்ளை அடம்பிடிப்பது குறையும். பெருநாள் காசில் ஒரு பங்கை ஸதகாவுக்கு அவர்களே பிரிக்கட்டும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு உடை எடுக்க அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பிள்ளையின் கண்ணியத்திற்குக் குறைவு வராமல் அது நடக்கட்டும். உலக விஷயத்தில் நமக்குக் கீழே உள்ளவரைப் பாருங்கள் என்ற நபிமொழி (முஸ்லிம்) அன்று பிள்ளையின் உள்ளத்தில் பதியும்.

சட்டங்களும் வந்துள்ளன. குழந்தைகளின் அனுபவமின்மையையும் எளிதில் நம்பும் இயல்பையும் பயன்படுத்தும் விளம்பரங்களை 2022ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன. 18 வயது நிரம்பாதவர்களைக் கண்காணித்து, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கு எதிராக 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நல்லவைதாம். ஆயினும் சட்டம் நம் வீட்டுக் கூடத்தில் வந்து அமராது. அங்கே பொறுப்பாளர் நாம்தாம்.

சகோதரர்களே! அந்த ஒன்பது வயது மகன் நம் மகன். அவனை அருகில் அமர்த்துங்கள். கணக்கைக் காட்டுங்கள். நம்மால் இயன்ற ஷூவை அவனோடு சென்று வாங்குங்கள். பெருநாள் காலையில் தக்பீர் முழக்கத்தோடு அவன் கையைப் பிடித்துத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளிவாசலிலோ திடலிலோ ஸஃப்பில் நிற்கும்போது எல்லோரும் காலணிகளை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தானே நிற்கிறோம் என்பதை அவனுக்குக் காட்டுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களின் உள்ளங்களைப் போதுமென்ற செல்வத்தால் நிரப்புவாயாக! எங்கள் பொறுப்பைச் சரிவர நிறைவேற்றும் நற்பாக்கியத்தைத் தருவாயாக! ஆமீன்.