நானுஓயாவில் மாறிய பெட்டியும் மாறாத எடையும்

இலங்கையின் நானுஓயா ரயில் நிலையத்தில் ஒரு காலத்தில் இரண்டு பாதைகள் சந்தித்தன. 1885இல் கொழும்புப் பக்கமிருந்து வந்து சேர்ந்தது ஐந்தரை அடி அகலப்பாதை. நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஏறியது இரண்டரை அடிக் குறும்பாதை. அது 1940களில் மூடப்பட்டது. ராகலைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டி கொழும்புக்குப் போகவேண்டுமென்றால் சின்ன வண்டியிலிருந்து இறங்கிப் பெரிய வண்டியில் ஏறவேண்டும். ஆளும் நேரமும் செலவாகும். ஆனால் பெட்டியின் எடை மாறாது. கணினி வலையமைப்பிலும் இரண்டு வழிகாட்டு நெறிமுறைகள் சந்திக்கும் எல்லை ரவுட்டர்கள் உண்டு. அங்கே பெட்டி மாறிப் போகும், எடை மட்டும் போகாது. இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யப்படும் இணைப்புகள்தான் பின்னால் தொல்லை தருகின்றன.

ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று “இந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம், இவ்வளவு தூரம்” என்று சொல்லிக்கொள்கின்றன. அந்தத் தூர எண்தான் மெட்ரிக். 1988இல் முறையாக எழுதிவைக்கப்பட்ட ரிப் (RIP) என்ற நெறிமுறை, வழியில் எத்தனை ரவுட்டர் என்று எண்ணுகிறது; 15 வரைதான் கணக்கு, 16 என்றால் வழியே இல்லை. ஓஎஸ்பிஎஃப் (OSPF) என்ற மற்றொரு நெறிமுறை பெரும்பாலும் இணைப்பின் வேகத்தைப் பார்க்கிறது: 100 மெகாபிட்டை அந்த வேகத்தால் வகுத்தால், 10 மெகாபிட் இணைப்புக்கு விலை 10. அப்படியானால் ரிப் சொல்லும் 3, ஓஎஸ்பிஎஃப் கணக்கில் எவ்வளவு? அதற்கு விடை கிடையாது. எல்லை ரவுட்டர் பழைய எண்ணைக் கைவிட்டு, பொறியாளர் கொடுத்த எண்ணைப் புதிதாக எழுதுகிறது. கொடுக்காவிட்டால், சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டரில் ரிப் வழி ஓஎஸ்பிஎஃபுக்குள் 20 என்று நுழையும். ஓஎஸ்பிஎஃப் வழி ரிப்புக்குள் அறிவிக்கப்படவே மாட்டாது.

ஒரு சூத்திரம் வைத்து மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். பல தேயிலைத் தோட்டங்களில் குறித்த கிலோவுக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அரைப் பேர், அதாவது அரைநாள் வேலை என்று விழும். பன்னிரண்டு கிலோ பறித்தவருக்கும் பதினாறு கிலோ பறித்தவருக்கும் அதே அரைப் பேர்தான். அந்த அரைப் பேரை மட்டும் பார்த்து யார் எத்தனை கிலோ பறித்தார் என்று எந்தக் கணக்கப்பிள்ளையாலும் சொல்லமுடியாது. மூன்று ரவுட்டர் என்ற எண்ணிக்கையும் இப்படித்தான்: அந்த மூன்றுக்கிடையே கண்ணாடி இழை ஓடுகிறதா, பழைய செப்புக் கம்பி ஓடுகிறதா என்பது அதில் இல்லை. இல்லாததை எந்தச் சூத்திரமும் மீட்டுத் தராது. எல்லோரும் ஒரே நெறிமுறைக்கு மாறினால் போதாதா என்றால், ஒரே நிர்வாகத்துக்குள் அது நல்ல யோசனைதான். இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போதும், பழைய கருவிகளைப் படிப்படியாக மாற்றும்போதும் எல்லை ஒன்று இருந்தே தீரும்.

எல்லையில் இரண்டு ரவுட்டர்கள் இருக்கும்போதுதான் ஆபத்து. முதலாவது, ரிப்பில் கேட்ட ஒரு வழியை ஓஎஸ்பிஎஃபுக்குள் அனுப்புகிறது. இரண்டாவது அதே வழியை ரிப்பிலும் கேட்டிருக்கிறது, நாலு தாவல், அதாவது நாலு ரவுட்டர் தூரத்தில். ஆனால் சிஸ்கோ ஓஎஸ்பிஎஃபுக்கு 110, ரிப்புக்கு 120 என்று நம்பிக்கை வரிசை வைத்திருக்கிறது. சிறிய எண்ணுக்கே முதலிடம். ஆகவே அது நேரான வழியை விட்டுவிட்டு, சுற்றி வந்த செய்தியை நம்பி, பொறியாளர் 1 என்று எண் கொடுத்திருந்தால், அதை ஒரு தாவல் என்று ரிப்புக்குள் திருப்பி விடுகிறது. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் இந்தக் குறைந்த எண்ணை நம்பித் தங்கள் தரவுப் பொதிகளை அதனிடம் அனுப்ப, அவை வட்டமடிக்கத் தொடங்குகின்றன. இதைத் தடுக்க, எல்லையைக் கடக்கும் வழிக்கு ஓர் அடையாள எண்ணைக் குத்திவிட்டு, அந்தக் குறி உள்ளதைத் திரும்ப நுழைய விடாமல் மறிக்கவேண்டும். எவ்வளவு தூரம் என்று சொல்லமுடியாத இடத்தில், எங்கிருந்து வந்தது என்றாவது சொல்லலாம். ஓஎஸ்பிஎஃப் இந்தக் குறிக்கு 32 பிட் ஒதுக்குகிறது. ரிப்பின் முதல் பதிப்பில் இதற்கு இடமே இல்லை; இரண்டாம் பதிப்பில்தான் 16 பிட் கிடைத்தது.