ஒரு சொட்டு இரத்தம் சொல்லும் உண்மை

“வெறுங் காய்ச்சல்தானே, ரெண்டு பனடால் போட்டுப் படுத்தா காலையில சரியாப் போயிடும்.” தோட்டத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பிரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலையும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் காட்டோரத் தீம்பாரில் வேலை செய்கிறவருக்கு வரும் காய்ச்சலை இப்படித் தள்ளிப் போடலாகாது. ஏன் என்பதை இங்கே பார்ப்போம்.

மலேரியா தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் அது லயம் லயமாக உயிர் குடித்தது. கிள்ளானில் 1901-ஆம் ஆண்டில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து கொசுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு மூலம் பரவும் மலேரியா, உள்நாட்டில் தொற்றியதாக 2018 முதல் நம் நாட்டில் பதிவாகவில்லை. இது பெரிய சாதனை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா இன்னும் இருக்கிறது. அதன் கிருமிக்கு ‘நோலெசி’ என்று பெயர்.

கண்ணை ஏமாற்றும் கிருமி

1965-இல் பகாங் காட்டில் வேலை செய்து திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் முதலில் வேறு வகை மலேரியா என்றே நினைத்தார்கள். அவர் இரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அடுத்து, 1971-இல் வெளிவந்த மருத்துவக் குறிப்பு ஒன்று, நம் ஜொகூரிலேயே ஒருவருக்கு இந்நோய் வந்திருக்கலாம் என்று கூறியது. அதன் பிறகு பல ஆண்டுகள் இதை அபூர்வ நோயாகவே எண்ணியிருந்தார்கள்.

சரவாக்கில் உள்ள காப்பிட் வட்டாரத்தில் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். மைக்ராஸ்கோப்பில் ‘மலேரியே’ என்னும் சாதுவான வகையாகத் தெரிந்த நோய், ஆட்களை மட்டும் கடுமையாகப் படுக்க வைத்தது. நோயாளிகளின் இரத்தத்தில் கிருமியின் டி.என்.ஏ.யை எடுத்துச் சோதித்தார்கள். 2004-இல் முடிவு வெளியானது: 208 நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலெசி!

டி.என்.ஏ.யை எப்படி எடுக்கிறார்கள்?

ஒவ்வொரு உயிருக்கும் அதன் அடையாளம் எழுதப்பட்ட நூல் போன்ற பொருள்தான் டி.என்.ஏ. அது உயிரணுவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. விரலில் குத்தி எடுத்த இரத்தத்தை வடிதாளில் ஒரு பொட்டாக வைத்துக் காயவிட்டாலும் போதும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம்.

அங்கே சோப்பு போன்ற மருந்து உயிரணுவின் கொழுப்புத் தோலைக் கரைத்து உடைக்கிறது. புரதத்தை அரிக்கும் நொதி மற்ற சத்தைகளைச் சிதைக்கிறது. பிறகு உப்பும் ஆல்கஹாலும் சேர்த்தால் டி.என்.ஏ. தனியே திரண்டு வரும். ஸ்டோரில் ஆசிட் ஊற்றியதும் ரப்பர் பால் உறைந்து தண்ணீரிலிருந்து பிரிவதை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய அதே மாதிரிதான். காய்ந்த இரத்தப் பொட்டைப் பிசின் மணிகளோடு கொதிக்க வைத்து எடுக்கும் சுருக்கு வழியும் உண்டு. எந்த வழியானாலும் இரத்தத்தின் சிவப்புச் சாயம் நன்றாகக் கழுவப்பட வேண்டும். அது மிஞ்சினால் அடுத்த வேலையைக் கெடுத்துவிடும்.

ஒன்றைக் கோடியாக்கும் வித்தை

கிடைக்கும் டி.என்.ஏ. மிகமிகச் சொற்பம். அதைப் பெருக்கும் முறைதான் பி.சி.ஆர். அமெரிக்கரான கேரி மல்லிஸ் இதை 1983-இல் கண்டறிந்தார். 1993-இல் நோபல் பரிசு பெற்றார். சுமார் 95 டிகிரி சூட்டில் இரட்டை இழை இரண்டாகப் பிரியும். சூட்டை 50-60 டிகிரிக்கு இறக்கினால், நாம் தேடும் கிருமிக்கென்றே செய்த சிறு இழை போய் ஒட்டிக்கொள்ளும். 72 டிகிரியில் ஒரு நொதி புது இழையைக் கட்டி முடிக்கும். வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து கிடைத்த நொதி என்பதால் அது சூட்டில் கெடாது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். எல்லாம் சரியாக நடந்தால் 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும்! தேடிய கிருமி இல்லையென்றால் ஒட்ட இடமில்லை, எதுவும் பெருகாது. 2020-இல் கொரோனாவுக்காக நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதுவும் இந்தச் சோதனைதான். கொரோனா கிருமியில் இருப்பது ஆர்.என்.ஏ. என்பதால் அதை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்வார்கள்.

நாம் செய்ய வேண்டியது

நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் பெருகும். இன்று நடந்து போகிறவர் நாலு நாளில் மூச்சுத் திணறிக் கிடக்கலாம். உயிரிழந்தவர்களும் உண்டு. ஆனால் நேரத்தோடு மருந்து கொடுத்தால் முழுக்கக் குணமாகும் நோய் இது. ஆகவே:

1. காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி கண்டால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

2. “ஐயா, நான் காட்டோரம் வேலை செய்யிறேன், அங்க குரங்கு நடமாட்டம் இருக்கு” என்று நீங்களே சொல்லுங்கள். மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

3. முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்று சொல்லியும் காய்ச்சல் விடவில்லையா? மறுபடியும் போங்கள். சில நிமிடத்தில் முடிவு சொல்லும் துரிதச் சோதனைக்கு நோலெசி தப்பிவிடுவது உண்டு.

4. மைக்ராஸ்கோப்பில் மலேரியா தெரிந்தால் டாக்டர் உடனே மருந்து தொடங்குவார். பி.சி.ஆர். முடிவு பின்னால் வந்து எந்த வகை என்பதை உறுதி செய்யும். அதற்காக மருந்தைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. கொடுத்த மருந்தை முழுவதும் சாப்பிட்டு முடியுங்கள்.

5. அந்தி மயங்கிய பின் காட்டோரம் நிற்கவேண்டி வந்தால் கைநீளச் சட்டை போடுங்கள்; கொசு விரட்டி பூசுங்கள்; இரவில் வலைக்குள் படுங்கள்.

பக்கத்து லயத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதைச் சொல்லுங்கள். நம் பாஷை தெரியாதவர் காய்ச்சலோடு கதவைச் சாத்திப் படுத்திருந்தால், கிளினிக்குக்குக் கூட்டிப் போவது தொழிலாளியான நம் கடமை. ஒரு நாள் சம்பளத்தை அடுத்த மாதம் சம்பாதித்துக் கொள்ளலாம். போன உயிரை எந்தச் சங்கமும் பேசி வாங்கித் தர முடியாது.