கிரைண்டரும் சுளகும்

போடிநாயக்கனூரிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். பாட்டனார் கட்டிய வீட்டுக்குத் தைப் பொங்கலுக்குள் புது வர்ணம் பூசிவிட வேண்டுமென்று ஆள் பேசினாராம். வந்தவர்கள் சுரண்டியையும் உப்புத்தாளையும் தொடாமல், டைல்ஸ் அறுக்கும் கிரைண்டரில் தேய்ப்புத் தட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு முகப்புச் சுவரில் இறங்கிவிட்டார்களாம். மாலைக்குள் தெரு முழுவதும் வெளுத்துப் போக, எதிர்வீட்டுக்காரர் தம் திண்ணையில் படிந்த வெண்மையை விரலால் வழித்துக் காட்டிச் சண்டைக்கு வந்துவிட்டாராம். "இந்தத் தூசியால் மெய்யாகவே கெடுதல் உண்டா, அல்லது அவர் சுபாவமே அப்படியா?" என்பது கேள்வி. எதிர்வீட்டுக்காரரின் சுபாவத்தை நான் அறியேன். தூசியின் சுபாவத்தைப் பற்றிச் சொல்லலாம். அது வெகு சுவாரசியமானது.

சென்ற மாதம் வேறு காரியமாகப் போடிக்குப் போயிருந்தபோது இதே வேலை நடப்பதைத் தெருவோரம் நின்று பார்த்தேன். கேட்டுத் தூணில் அந்தத் தட்டு சற்றே சாய்ந்து பட்ட இடத்தில், ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு குழி விழுந்து, அதன் விளிம்பில் வீட்டின் பூர்வோத்தரம் முழுவதும் வளையம் வளையமாகத் தெரிந்தது: மேலே சந்தன நிற எமல்ஷன், அதற்கு உள்ளே பச்சை ஸ்னோசெம், அதற்கும் உள்ளே நீலம் கலந்த சுண்ணாம்பு, நடுவில் காரையின் மணல். மூன்று தலைமுறைப் பொங்கல்களை அந்த யந்திரம் மூன்று விநாடியில் கடந்துவிட்டது. நாலு அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும்போது அதன் விளிம்பு விநாடிக்கு 58 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் சுவரிலிருந்து பிய்த்தெறியப்படும் துகள் எங்கே போய் விழும் என்பதுதான் விஷயமே.

இதற்குப் பாடம் கற்பிக்கப் போடியிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஏலக்காய்க் கிட்டங்கிகளில் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிக்கும் பெண்கள், காயைச் சல்லடையில் சலித்து 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று பருமன் பார்த்து ஒதுக்கியபின், சுளகில் இட்டுப் புடைக்கிறார்கள். கனத்த காய் சுளகிலேயே திரும்ப விழ, சருகும் காம்பும் தூசும் விலகிப் போகின்றன. ஏன் விலகுகின்றன? துகளின் எடை அதன் குறுக்களவின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. மிகச் சிறிய துகளை எதிர்க்கும் காற்றின் பிடியோ, வேகம் ஒன்றேயானால், குறுக்களவின் அளவுக்கே கூடிக் குறைகிறது. ஆகையால் துகள் பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் அது விழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. 1851ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் என்னும் கணித வித்வான் இதைச் சூத்திரமாக எழுதினார். சுளகு பிடித்தவர்களின் மணிக்கட்டுக்கு அது அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

அந்தச் சூத்திரத்தில் நம் வர்ணத் தூசியை இட்டுப் பாருங்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நூறு மைக்ரான் பருமனுள்ள துகள், சாரத்தின் மேல் பத்தடி உயரத்திலிருந்து சில விநாடிகளில் தரைக்கு வந்துவிடும். பத்து மைக்ரான் துகளுக்குச் சுமார் எட்டு நிமிஷம் வேண்டும். ஒரு மைக்ரான் துகளுக்கோ, காற்று அசையாமலே இருந்தாலும், ஏறக்குறைய அரை நாள் வேண்டும். காலையில் புறப்பட்டது விளக்கு வைக்கும் வேளைக்குத்தான் தரையைத் தொடும். ஆனால் போடியில் காற்று அசையாமல் இருக்கிறதா? ஆடியில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்குமோ என்னவோ, பத்து மைக்ரான் துகளுக்கு ஆடியே வேண்டியதில்லை. விநாடிக்கு ஒரு மீட்டர் வீசும் இளங்காற்று போதும், அந்த எட்டு நிமிஷத்தில் அது ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் போய், வர்ணம் பூச உத்தேசமே இல்லாத வேறொரு வீட்டு முற்றத்தில் இறங்கும்.

இன்னும் வேடிக்கை உண்டு. மணிக்கு 200 கிலோமீட்டரில் எறியப்பட்ட பெரிய துகள் நேராகப் பாய்ந்து தொழிலாளியின் கண்ணாடியில் படபடவென்று தெறிக்கிறது; கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிவது அதுதான். அதே வேகத்தில் எறியப்பட்ட ஒரு மைக்ரான் துகளோ அரை மில்லிமீட்டர்கூடப் போகாமல் நின்றுவிடுகிறது! பஞ்சுத் துணுக்கைப் பலங்கொண்ட மட்டும் வீசியெறிவதைப் போலத்தான் அது. பிறகு அது தன் இஷ்டப்படி ஒன்றும் செய்வதில்லை. தட்டு கிளப்பும் காற்றோடும், தெருவின் காற்றோடும், பக்கத்தில் நிற்பவர் உள்ளிழுக்கும் மூச்சோடும் போகிறது. நூறு மைக்ரான் துகள் ஒன்றை முழுவதும் ஒரு மைக்ரானாக அரைத்தால் பத்து லட்சம் துகள்கள் கிடைக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கைச் சுரண்டி, வர்ணத்தைச் செதிலாகப் பெயர்க்கிறது. கிரைண்டர் அதை மாவாக்குகிறது.

சுளகு உவமானத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறேன். நம் உடலிலும் ஒரு கிட்டங்கி உண்டு. பத்து மைக்ரானுக்கு மேற்பட்டதை, ஏலக்காய்க்காரர்கள் 'போல்டு' என்னும் பருத்த சரக்கை, மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. நடுத்தரம் கிளைக்குழல்களின் சளியில் ஒட்டி, மேலே வந்து, விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போகிறது. சில மைக்ரானுக்கு உட்பட்ட பொடிதான் சுவாசப்பையின் கடைசி அறைவரை போய்க் குடியேறுகிறது. அதாவது, காயைத் தள்ளிவிட்டுத் தூசியை ஏலம் எடுக்கும் விபரீத வியாபாரி நம் சுவாசப்பை. தொழிலாளி முகத்தில் கட்டிக்கொள்ளும் துண்டும் இதே வியாபாரத்தைத்தான் செய்கிறது: பெரியதைத் தடுத்துச் சிறியதை அனுப்புகிறது. என்-95 முகக்கவசம் சல்லடை வேலை செய்வதில்லை; அதன் இழைகளின் மின்னேற்றம் நுண்துகளை இழுத்து ஒட்டவைக்கிறது. இந்த இடத்தில் என் உவமானம் முறிந்து போகிறது; முறியட்டும்.

சரி, அந்தத் தூசியில் என்னதான் இருக்கிறது? சுண்ணாம்பானால் எரிச்சல் தருவதோடு நிற்கும். தட்டு வர்ணத்தைக் கடந்து காரைக்குள் இறங்கினால் மணலின் சிலிகா வருகிறது; கல் உடைப்பவர்களின் சுவாசப்பையைத் தழும்பாக்கும் அதே சிலிகா. ஜன்னல் கம்பியிலும் நிலைக்கதவிலும் தகரக் கூரையின் அடிப்பூச்சிலும் இருக்கும் பழைய எனாமல், குறிப்பாக மஞ்சளும் பச்சையும் சிவப்பும், ஈயத்துக்குப் பெயர் போனவை. குரோம் மஞ்சள் என்பதே ஈயத்தின் உப்பு. அதில் நீலத்தைக் கலந்தால் குரோம் பச்சை. பெரியவர்களின் குடல் விழுங்கிய ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள, தவழும் குழந்தையின் குடல் பாதிவரை ஏற்றுக்கொள்கிறது. ஏற்ற ஈயம் சுண்ணாம்புச் சத்தைப் போல வேஷம் போட்டு எலும்பில் பல வருஷம் தங்குகிறது.

சரித்திரம் கேட்பவர்களுக்கு ஒரு பாராவுக்கு மேல் தர மனமில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் லாக்ஹார்ட் கிப்ஸன் என்னும் வைத்தியர், வெயிலில் பொடிந்த வராந்தாக் கிராதியின் வர்ணமே குழந்தைகளின் ஈய விஷத்துக்குக் காரணமென்று 1904இல் எழுதினார். 1921இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வெள்ளை ஈயத்தைக் கட்டடத்தின் உட்புறப் பூச்சில் தடை செய்தது, வெளிப்புறத்தை விட்டுவிட்டது. நம் நாட்டில் 2016இல் விதி வகுத்து, வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாதென்பது 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. விதி புது டப்பாவுக்கு. பாட்டனார் பூசியது பூசியபடியே இருக்கிறது.

"தூசியே இல்லாத யந்திரம்" என்று கைப்பேசியில் ஓடும் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு யாரும் பணத்தை எடுக்க வேண்டாம். தட்டைச் சுற்றி மூடியும் அதிலிருந்து உறிஞ்சு குழாயும் வைப்பது நல்ல யோசனைதான். நுண்துகள் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதால், அங்கேயே உறிஞ்சினால் அகப்பட்டுக்கொள்ளும். ஆனால் குழாயின் மறுமுனையில் வெறும் துணிப்பை இருந்தால், முன்னால் வாங்கியதைப் பின்னால் விடுகிறது என்பதே அர்த்தம்; 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வர்ணத்தைக் கொதிக்க வைக்கும் ஹீட் கன் அளவு மீறிச் சூடேறினால் ஈயத்தை ஆவியாகவே அனுப்பும். லேசர் வித்தையும் வர்ணத்தை மாயமாக்குவதில்லை, புகையாக்குகிறது. பழைய சுண்ணாம்புக் காரையில் பிரஷர் வாஷரைப் பிரயோகித்தால் வர்ணத்தோடு சுவரும் வரும்.

தண்ணீரைப் பற்றி ஒருவரும் விளம்பரம் செய்வதில்லை. ஈரம் பட்ட துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு மைக்ரான் சரக்கெல்லாம் நூறு மைக்ரான் சேறாகி, காலடியில் விழுந்துவிடுகின்றன. ஸ்டோக்ஸின் சூத்திரம் நம் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆகவே அன்பர் செய்ய வேண்டியது: சுவரை நாணயத்தால் தட்டிப் பார்த்து, பொத்தென்று ஒலிக்கும் இடத்தையும் செதிலாக எழும்பியதையும் மட்டும் நனைத்துச் சுரண்டுவது, கெட்டியாகப் பிடித்திருப்பதை அப்படியே விட்டு அதன்மேல் பட்டி பார்ப்பது, கம்பியையும் கதவையும் வாட்டர் பேப்பரால் கையாலேயே தேய்ப்பது, அடியில் தார்ப்பாய் விரித்து, சேற்றை வாரிக் கட்டி, தோட்டத்தில் கொட்டாதிருப்பது. மின்சாரக் கிரைண்டரையும் தண்ணீரையும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது. போடிமெட்டுக்கு மேலே மலைச் சரிவில், பனிமூட்டத்தில் பலகையும் தகரமுமாக நிற்கும் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே சுரண்டிய ஈயம் மழையோடு இறங்கி ஏலச்செடியின் மேல்மண்ணில் சேர்ந்தால், அது மக்கிப் போகும் பண்டமல்ல.

எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தது நியாயமே. அவர் காட்டிய சாட்சிதான் தவறு. திண்ணையில் விரலால் வழிக்கக் கிடைத்த வெண்மை பெரும்பாலும் பருத்த சரக்கு. அதை விளக்குமாற்றால் பெருக்கி மறுபடி கிளப்பிவிடாமல், ஈரத்துணியால் ஒற்றியெடுத்தால் போதும். அவர் கண்ணில் படாதது, அவர் வந்து சண்டை போட்டு முடித்துத் திரும்பிப் போகும்வரை, இரண்டு வீட்டுக்கும் நடுவே தெருவில் மிதந்துகொண்டிருந்தது.