மலிவு ரவையின் கணக்கு

கற்பிட்டித் தீபகற்பத்து எத்தாளையில் கறளைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறு பக்கம் பெருங்கடல். தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் உப்பு வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறும். கூரைத் தகரம், சைக்கிள் செயின், படகு எஞ்சினின் ஆணி, வெங்காயத் தோட்டத்து நீர்ப்பம்பு என்று எதற்கும் ஆயுள் குறைவு. துவக்கு ரவையின் கோதைப் பித்தளையில் செய்வதா உருக்கில் செய்வதா என்று உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகிறது. அந்த வாதத்தைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இங்கே துவக்கு என்றால் பயிரைக் காக்க அனுமதிப்பத்திரம் பெற்று வைத்திருக்கும் தோட்டத் துவக்குதான் நினைவுக்கு வரும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கடைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகக் கைத்துப்பாக்கி ரவை வாங்கி, வார இறுதியில் குறி பார்த்துச் சுட்டுத் தீர்ப்பது அமெரிக்கர்களின் பழக்கம். மலிவான உருக்குக் கோது ரவைக்குப் பெரிய சந்தை உருவானதும் அங்கேதான். ஆனால் உருக்குக் கோது நமக்கு அந்நியமானதல்ல. போர்க்காலத்தில் இந்த நாட்டில் அதிகம் வெடித்த ரி-56 துவக்கின் ரவைகள் பெரும்பாலும் உருக்குக் கோதுக்குள்தான் இருந்தன. மேலே செம்பு நிறத்தில் மெல்லிய பூச்சு இருந்ததால் அவை பித்தளை போலத் தெரிந்தன, அவ்வளவுதான்.

ஒரு ரவையைப் பிரித்துப் பார்ப்போம் (காகிதத்தில் மட்டும்). முன்னால் சன்னம், அதைப் பிடித்திருக்கும் கோது, கோதுக்குள் மருந்து, அடியில் தட்டினால் தீப்பற்றும் பிரைமர். மருந்து எரிந்து வாயுவாகும்போது சாதாரண 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி ரவைக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 2,300 மடங்கு வரை அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் கோது பருத்து, துவக்கின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால்தான் சூடான வாயு பின்பக்கம் கசியாது. அழுத்தம் இறங்கியதும் அதே கோது இம்மியளவு சுருங்கிச் சுவரை விட வேண்டும். விட்டால்தான் கொக்கி அதை இழுத்து வெளியே எறிய முடியும். ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும். கோதுக்கான உலோகத்தைத் தேடியவர்கள் மல்லுக்கட்டியது இந்த இரண்டோடும்தான்.

70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை இரண்டையும் இயல்பாகச் செய்கிறது. உருக்கின் விறைப்பு பித்தளையினுடையதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே அது பருக்கத் தயங்கும், பருத்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பவும் தயங்கும். பருக்கத் தயங்குவதால் கோதுக்கும் சுவருக்கும் இடையே கொஞ்சம் புகை நுழைந்து கரி படியும். திரும்பத் தயங்குவதால் சில துவக்குகளில் கோது சிக்கும். உருக்குக் கோதின் மேல் பூசிய வார்னிஷ் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்கிறது என்று சுடுபவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். உண்மையில் குற்றவாளி வார்னிஷ் அல்ல, இந்தக் கரிதான். பல நூறு உருக்கு ரவைகளைச் சுட்டுவிட்டு, துடைக்காமல் பித்தளை ரவையைப் போட்டால், நன்றாகப் பருக்கும் அந்தப் பித்தளை கரியில் போய் இறுகிக்கொள்ளும்.

சோவியத் பொறியியலாளர்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது. கோதையே அடியில் அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும் அமைத்தார்கள். குறுகிச் செல்லும் கோதைக் கொஞ்சம் அசைத்தாலே சுவரிலிருந்து கழன்றுவிடும். அப்படிப்பட்ட கோதுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு வளையும். அந்தச் சோவியத் ரவையையே சுடும் ரி-56இன் மகசின் வளைந்திருப்பதன் காரணம் அதுதான், அழகுக்காக அல்ல. 9 மில்லிமீற்றர் கோதும் அடியில் 9.93, வாயில் 9.65 என்று சற்றே குறுகுகிறது. கைத்துப்பாக்கிகள் உருக்குக் கோதைப் பெரிதாக முரண்டு பிடிக்காமல் ஏற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை சிரமப்பட்டு உருக்கை ஏன் கையில் எடுத்தார்கள்? போர்களும் செம்புத் தட்டுப்பாடும்தான். முதலாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படை ஜெர்மனியை முற்றுகையிட்டபோது அங்கே செம்பு அருகியது, உருக்குக் கோதுகள் வந்தன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவும் அதே நிலைக்கு வந்தது. இண்டியானா மாநிலத்து எவான்ஸ்வில் நகரில் இருந்த கிறைஸ்லர் கார் தொழிற்சாலை ரவைத் தொழிற்சாலையாக மாறி 300 கோடிக்கும் மேற்பட்ட ரவைகளைச் செய்து தள்ளியது. பெரும் பகுதி .45 கைத்துப்பாக்கி ரவைகள். அதே போரின் நடுவே, 1943இல், அமெரிக்கா தன் ஒரு சத நாணயத்தை நாகம் பூசிய உருக்கில் அடித்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவில் நடுவே ஓட்டை போட்ட காலணா வெளிவந்ததும் 1943இல்தான். ஓட்டைக் காலணா என்று ஏளனமாகச் சொல்கிறோமே, அந்த ஓட்டை மிச்சம் பிடித்த செம்பின் அளவு.

போர் முடிந்ததும் அமெரிக்கா பித்தளைக்குத் திரும்பியது. சோவியத் ஒன்றியம் உருக்கிலேயே நின்றது. அது கலைந்த பிறகு தூலா, பர்னவுல் ஆலைகளின் ரவைகள் அமெரிக்கப் பயிற்சித் திடல்களை நிரப்பின. எடைக்கு எடை செம்பின் விலை சாதாரண உருக்கைப் போல் பத்து மடங்குக்கும் மேல் என்பதால் விலையில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். 2021 செப்டெம்பரில், ரஷ்ய எதிரணித் தலைவர் நவால்னிக்கு நஞ்சூட்டிய விவகாரத்தை முன்னிட்டு, ரஷ்ய ரவைகளுக்குப் புதிய இறக்குமதி அனுமதிகளை வழங்குவதை அமெரிக்கா நிறுத்தியது. மலிவுச் சந்தை அன்றே ஆட்டம் கண்டது.

உருக்குக் கோது குழலைத் தின்றுவிடும் என்ற அச்சமும் உண்டு. கோது குழலுக்குள் போவதே இல்லை. அது அறையில் நின்றுவிடுகிறது, குழல் வழியே ஓடுவது சன்னம். கோதுக்குப் பயன்படும் மென்னுருக்கு, துவக்கின் உருக்கைவிட மென்மையானது வேறு. தேய்மானம் வருவது இன்னொரு சிக்கனத்தால். மலிவு ரவைகள் பலவற்றில் சன்னத்தின் மேலுறையையும் செம்பில் செய்யாமல், மென்னுருக்கில் செய்து செம்பை மெல்லப் பூசிவிடுகிறார்கள். குழலின் வரிகளை அது செம்பைவிட விரைவில் தேய்க்கும். கல்லிலோ இரும்பிலோ பட்டால் தீப்பொறியும் பறக்கும். சன்னத்தில் காந்தம் ஒட்டினால் உள்ளரங்கத் திடல்கள் பல அந்த ரவையை உள்ளே விடுவதில்லை. பித்தளைக் கோதை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தலாம், உருக்குக் கோது பெரும்பாலும் ஒரே தடவைக்குத்தான். பழைய இரும்புக்காரரிடமும் அதற்கு மதிப்பில்லை.

அப்படியானால் உப்புக் கரைக்குப் பித்தளையே கதி என்று முடித்துவிடலாமா? பிரித்தானிய இந்திய இராணுவம் அப்படித்தான் நம்பியிருந்தது. மழைக்காலத்தில் ரவைப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். காற்று அடங்கியதும் பெட்டியைத் திறந்தால் யாரும் தொடாத பித்தளைக் கோதுகள் தாமாகவே வெடிப்பு விட்டுப் பிளந்திருந்தன. கறள் இல்லை, அடிபட்ட தடயம் இல்லை. பருவமழையோடு சேர்ந்து வந்ததால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரத்தோடு சேர்ந்து செம்பைக் கரைக்கிறது. தட்டை இழுத்துக் கோதாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை அந்தக் கரைந்த இடங்களைப் பிரித்துவிடுகிறது. கோதை மிதமாகச் சூடாக்கி அந்த உள் இழுவிசையைத் தணித்தால் போதும் என்பதே தீர்வு. இன்றும் பித்தளைச் சாமான் செய்யும் ஆலைகள் இதைத்தான் செய்கின்றன.

இதை ஏன் எத்தாளைக்காரர் கவனிக்க வேண்டும் என்றால், கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் தோட்டங்களில் உரமும் கோழி எருவும் தாராளம். எரு மக்கும் கொட்டிலில் அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அந்த ஈரக் கொட்டிலில் தொங்கும் பித்தளை வால்வு ஒரு நாள் காரணமின்றிப் பிளந்தால் அதை மட்டரகச் சாமான் என்று திட்டுவதற்கு முன் குதிரை லாயத்தை நினைத்துக்கொள்ளலாம். கடல் பக்கம் இரும்புக்கு உப்பு எதிரி, தோட்டப் பக்கம் பித்தளைக்கு அமோனியா எதிரி. எத்தாளையில் இரண்டும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன.

உருக்குக் கோதுக்கு வார்னிஷ், பிளாஸ்டிக், நாகம் எனப் பூச்சுகள் உண்டு. நாகப் பூச்சு நம் கூரைத் தகரத்தின் தத்துவமே: நாகம் முதலில் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். பூச்சு கோதில் மிக மெல்லியது. கீறல் விழுந்த இடத்தில் உப்புக்காற்றுக்கு நேரம் அதிகம் பிடிக்காது. வாங்கிய வாரத்திலேயே சுட்டுத் தீர்க்கும், காய்ந்த நாட்டுக்காரருக்கு உருக்குக் கோது குறையில்லாத சரக்கு. கடலோரத்தில் ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்க அது உதவாது. குறி பார்க்கும் கைப்பழக்கம்தான் நோக்கம் என்றால் எல்லாவற்றிலும் மலிவான வழி கோதே இல்லாத வழி. தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகச் சுட்டது 10 மீற்றர் வளித் துப்பாக்கியால். அதற்கு மருந்தும் வேண்டாம், பித்தளையும் வேண்டாம், 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம் போதும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருக்குக் கோது மண்ணில் கிடந்தால் கறள் ஏறி, பழைய ஆணித் துண்டு போலவே ஆகிவிடும். வெளியே கறள் தின்ற ரவைக்குள் மருந்தும் பிரைமரும் இன்னும் உயிரோடு இருக்கலாம். குறிப்பாக வடக்கிலும் கிழக்கிலும் கிணறு தோண்டும்போதோ வேலி நடும்போதோ அப்படி ஒன்று தென்பட்டால் சுரண்டிப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.