மீசையை ஒதுக்கு... பாக்தாதைப் பிடி!

யுத்தப் படம் என்றால் சோறு தண்ணி மறந்து உட்காருகிறவரா நீங்கள்? கையைக் கொடுங்கள், நாம் ஒரே கட்சி! 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' (2001) பத்து எபிசோடும் உங்களுக்கு மனப்பாடம். 'தி பசிஃபிக்'கும் (2010) முடித்திருப்பீர்கள். ஆனால், நம் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் ஒரு தொடரை மட்டும் முதல் எபிசோடிலேயே அம்போ என்று விட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். "என்ன சார் இது, ஒரு மணி நேரமா பேசிட்டே இருக்கானுங்க... சண்டையைக் காணோமே!" என்று புகார் வேறு. அந்தத் தொடருக்கு வக்காலத்து வாங்கத்தான் வந்திருக்கிறேன்.

பெயர் 'ஜெனரேஷன் கில்'. 2008-ல் ஹெச்.பி.ஓ. டி.வி.யில் வந்தது. ஏழே ஏழு எபிசோட். 2003 மார்ச்சில் அமெரிக்கப் படை இராக்குக்குள் நுழைந்ததே, அப்போது எல்லாருக்கும் முன்னால் போய் வேவு பார்க்கிற மரைன் பட்டாலியன் ஒன்றின் வண்டியில் ஒரு நிருபரும் தொற்றிக்கொண்டார். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இவான் ரைட். கண்ணால் பார்த்ததைக் கட்டுரைகளாக எழுதி, 2004-ல் புத்தகமாகவும் போட்டார். அதைத்தான் 'தி ஒயர்' புகழ் டேவிட் சைமனும் எட் பர்ன்ஸும் தொடராக்கினார்கள். அந்த பட்டாலியனில் நிஜமாகவே இருந்த ரூடி ரேயெஸ், தன் வேஷத்தைத் தானே கட்டியிருக்கிறார். (ஆனால், நாம் பார்க்கும் இராக், இராக் இல்லை. ஷூட்டிங் எல்லாம் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில்!)

கதை? ஒரு ஹம்வீ வண்டி, உள்ளே நாலைந்து பேர். 'ஐஸ்மேன்' என்று பேரெடுத்த சார்ஜென்ட் பிராட் கோல்பெர்ட், ஓட்டை வாய் டிரைவர் ரே, பின்சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு நிருபர். அவ்வளவுதான். குவைத்தில் கிளம்பி பாக்தாத் போய்ச் சேருகிறார்கள்.

வழியில் இவர்கள் படுகிற பாடு இருக்கிறதே! உலகத்திலேயே பெரிய பணக்கார ராணுவம் என்று பெயர். இருட்டில் பார்க்கிற அதிநவீன கருவி இருக்கிறது, அதற்கு பேட்டரி இல்லை. எந்திரத் துப்பாக்கி இருக்கிறது, அதற்குப் போட எண்ணெய் இல்லை. வண்டிக்கு ஒழுங்கான கவசம் இல்லை. விஷவாயு வரும் என்று மாட்டிவிட்ட கனமான உடுப்பைக் கழற்ற உத்தரவு இல்லை, ஊறி நாறுகிறது. (அந்த விஷவாயு கடைசிவரை வரவேயில்லை என்பது ஊரறிந்த கதை.) சப்ளை லாரியைத் தொலைத்துவிட்டுப் பசியோடு அலைகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே சார்ஜென்ட் மேஜர் ஒருத்தர் வந்து இறங்குகிறார். 'ஆஹா, பேட்டரி வந்துடுச்சு' என்று பையன்கள் நிமிர்ந்தால், மனுஷன் மீசையை அளக்கிறார்! உதட்டோரத்தைத் தாண்டி ஒரு முடி நீண்டாலும் தொண்டை கிழியக் கத்தல். நம்ம ஆபீஸ் ஹெட்கிளார்க்குகளை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மொழிபெயர்ப்பாளர் இன்னொரு கூத்து. ஊர்க்காரர் கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளுவார். இவர் திரும்பி, 'நாம வந்ததுல அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம்' என்கிற ரேஞ்சில் ஒற்றை வரியில் முடித்துவிடுவார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் நெஞ்சில் மிதிக்கிறார்கள்.

ஒரு விமான தளத்தைப் பிடிக்க அவசர அவசரமாகப் பாய்கிறார்கள். 'எதிரில் வருகிற எல்லாருமே எதிரி' என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு. ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு பத்தொன்பது வயதுப் பையன் சுடுகிறான். தளத்தில் எதிரியே இல்லை. அப்புறம் பார்த்தால், குண்டு பட்டது ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் மேல்! பெண்கள் அவர்களை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். வயிற்றில் குண்டு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பிழைப்பான் என்கிறார் மருத்துவ உதவியாளர். மேலிடம், 'முடியாது' என்கிறது.

பையன்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அந்தச் சிறுவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போய் கமாண்டரின் கூடாரத்து எதிரிலேயே வைத்துவிடுகிறார்கள். 'சாகிறதுன்னா உங்க கண்ணு முன்னால சாகட்டும்' என்று அர்த்தம். கமாண்டர் மனசு மாறுகிறார். ஆனால், கல்லு மாதிரி இருந்த ஐஸ்மேன் அதற்கப்புறம் பழைய ஐஸ்மேன் இல்லை.

இந்தக் காட்சிக்காகத்தான் சார் இவ்வளவு வக்காலத்து. சுட்ட பையனா குற்றவாளி? தலையாட்டிய சார்ஜென்ட்டா? வயர்லெஸ்ஸில் உத்தரவு கொடுத்தவரா? அதற்கும் மேலே, வெகு தூரத்தில் மேப்பில் கோடு போட்டவரா? மற்ற யுத்தப் படங்களில் எதிரி யார் என்று டைரக்டரே நமக்குக் காட்டிவிடுவார், நாமும் நிம்மதியாகக் கைதட்டுவோம். இதில் அந்த வசதி கிடையாது. நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோமோ, யாரை நமக்குப் பிடித்துப்போனதோ, அவர்கள் வண்டியிலிருந்துதான் குண்டு புறப்படுகிறது. அழு என்று சொல்லிக்கொடுக்க வயலினும் இல்லை. ஆமாம், தொடரில் பின்னணி இசை அநேகமாகக் கிடையாது! வண்டிக்குள் பையன்கள் கர்ணகடூரமாகப் பாடுவதுதான் பாட்டு.

பார்க்கப் போகிறவர்களுக்கு அனுபவஸ்தனின் சில டிப்ஸ்:

* முதல் எபிசோடில் எல்லாரும் ஹெல்மெட்டோடு ஒரே மாதிரி இருப்பார்கள். பதற வேண்டாம். கோல்பெர்ட்டின் வண்டியை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாவது எபிசோடில் முகங்கள் தானாகப் பழகிவிடும்.

* சப்-டைட்டில் கட்டாயம். பாதி வசனம் வயர்லெஸ் பாஷை, மீதி கெட்ட வார்த்தை.

* அதனாலேயே குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள். மாமனார் ஊருக்குப் போயிருப்பது உத்தமம்.

* ஒரே ராத்திரியில் ஏழையும் முடிக்காதீர்கள். மூன்றாவதுக்குப் பிறகு ஒருநாள் இடைவெளி விடுங்கள். உங்களுக்கே தேவைப்படும்.

இவான் ரைட் 2024-ல் காலமாகிவிட்டார். அந்த வண்டியில் அவர் ஏறாமல் இருந்திருந்தால், அந்த மேய்ச்சல்கார அம்மாவின் முகம் ராணுவ அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வந்திருக்குமா, சந்தேகம்தான்.

முடிவைச் சொல்லமாட்டேன். பாக்தாதில் பையன்கள், வழிநெடுகத் தாங்களே எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முதலில் ஒரே விசில், கும்மாளம். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து... சினிமாப் பாட்டுப் புஸ்தகத்தில் போடுவார்களே, அதே மாதிரி, மீதியைத் திரையில் காண்க. பார்த்து முடித்ததும் உடனே என்னைக் கூப்பிட்டு 'சூப்பர்' என்று சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள், போதும்.