அந்நியரை விசாரித்த கைகள்



ரோமப் பேரரசு விக்கிரக வழிபாட்டை விட்டுக் கிறிஸ்துவண்டை திரும்பியது எப்படி என்று கேட்டால், நம்மில் அநேகர் கான்ஸ்டன்டைன் பேரரசனையே சுட்டிக்காட்டுவோம். வேதாகமக் கல்லூரியில் நானும் 313, 325, 380 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்து தேறியவன்தான். ஆனால் 313-இல் அவன் லிசினியுவோடு இசைந்து அளித்தது, எல்லா மதத்தாருக்குமான வழிபாட்டுச் சுதந்தரம் மாத்திரமே. அரசரின் தயவு கிட்டுமுன்னரே சபை பட்டணங்களில் வேரூன்றியிருந்தது.

251-ஆம் ஆண்டளவில் ரோமாபுரியின் கண்காணியாயிருந்த கொர்நேலியுவின் நிருபம் ஒன்றில், அச்சபை 1,500-க்கு மேற்பட்ட விதவைகளையும் எளியோரையும் பராமரித்ததாகக் காண்கிறோம். சுமார் பத்தாண்டுகளுக்குப்பின் அலெக்சந்திரியாவில் கொள்ளைநோய் பரவியது. மற்றோர் தங்கள் சொந்த ஜனங்களையே வீதியில் தள்ளிவிட்டு ஓட, விசுவாசிகளோ நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்து, அந்நோயினாலேயே மரித்தார்கள் என்று அந்நகரக் கண்காணி தியொனீசியு எழுதினார். தம் மந்தையைப் பற்றிச் சொல்லுகிறவர் சற்றுக் கூட்டியும் சொல்லியிருக்கலாம். பகைவனுடைய சாட்சியை என்ன சொல்வோம்?

361-இல் பேரரசனான ஜூலியன், கிறிஸ்தவனாக வளர்க்கப்பட்டுப் பழைய தேவர்களிடம் திரும்பியவன். பக்தர் பசிலியு அத்தேனே பட்டணத்தில் கல்வி கற்ற நாட்களில் அவனும் அங்கே கற்றான். கலாத்தியாவின் பிரதான பூசாரி அர்சாகியுவுக்கு அவன் எழுதியதாக ஒரு கடிதம், சோசொமேனு என்பவரின் சபைச் சரித்திரத்தில் உண்டு. (அதை ஐயுறும் ஆய்வாளரும் உளர், பெரும்பாலோர் ஏற்கின்றனர்.) அந்நியரை உபசரிப்பதும், மரித்தோரைக் கரிசனையோடு அடக்கம்பண்ணுவதும் அல்லவோ 'கலிலேயரின்' மார்க்கத்தை வளர்த்தன என்கிறான். அவர்கள் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் போஷிப்பது நமக்கு வெட்கம் என்கிறான். ஆகவே பட்டணந்தோறும் சத்திரங்கள் கட்டப்படவேண்டும்; அதற்கென 'மோதியு' என்னும் ரோம அளவையில் ஆண்டுக்கு 30,000 அளவு கோதுமை; அதில் ஐந்திலொரு பங்கு பூசாரிகளுக்கு ஊழியஞ்செய்யும் ஏழைகளுக்கு, மற்றவை அந்நியருக்கும் பிச்சைக்காரருக்கும்! பிழைப்புத் தேடிப் பெருநகரங்களுக்கு வந்த நமக்கு, 'அந்நியன்' என்ற சொல்லின் பாரம் நன்கு தெரியும் அல்லவா? 363-இல் பெர்சியப் போரில் ஜூலியன் மாண்டான். சில ஆண்டுகளில் பசிலியு, கப்பத்தோக்கியாவின் செசரியாவுக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெரிய இல்லம் ஒன்றை எழுப்பினார்.

இங்கே நிறுத்திக்கொள்வது இன்பமாயிருக்கும். ஆனால் மற்றதை மறைத்துச் சபைச் சரித்திரம் போதிக்க எனக்கு மனம் வரவில்லை. 380-இல் தியொதோசியு, திரித்துவ விசுவாசத்தை அரசின் மார்க்கமாக்கினான். 391, 392-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பழைய பலிகளைத் தடைசெய்தன. 415-இல் அதே அலெக்சந்திரியாவில், ஹைப்பேசியா என்னும் தத்துவ அறிஞரான பெண்ணைக் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று கொன்றது. மறு ஆண்டே பேரரசின் சட்டம் ஒன்று, அந்நகரக் கண்காணியின்கீழ் இருந்த 'பராபலானி' என்போரை 500 பேராகக் குறைத்து, பொதுக் காட்சிகளிலும் நகரசபையிலும் நீதிமன்றத்திலும் அவர்கள் கூடலாகாதென்று தடுத்தது. ஜனங்கள் அவர்களுக்கு அஞ்சினார்கள். அவர்களுக்குச் சபை நியமித்திருந்த வேலையோ, நோயாளிகளைப் பராமரிப்பது.